பங்கிலாப விளைவு வீதத்தை மென்பொருள் வடிகட்டும் விதம்

வங்கிகளில் நிலையான வைப்பின் வட்டி இறங்கத் தொடங்கியதும், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வட்டிப் பணத்தை நம்பி வாழும் ஒருவர் பங்குத் தரகரிடம் முதலில் கேட்பது, "பங்கிலாபம் நல்லாக் குடுக்கிற கம்பனி எது?" என்பதுதான். கொழும்புப் பங்குச் சந்தையில் நிரற்படுத்தப்பட்ட கம்பனிகளின் தொகை முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. அவற்றின் அறிவிப்புகளையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து வாசித்துத் தரம் பிரிக்க வாரக்கணக்கில் ஆகும்; வடிகட்டும் மென்பொருள் அதைச் சில விநாடிகளில் முடித்து, அதிக விளைவு வீதம் (கம்பனி தன் பங்குதாரருக்குப் பகிர்ந்தளிக்கும் பங்கிலாபம் பங்கின் விலையில் எத்தனை சதவீதம் என்பது) உடைய கம்பனி முதலிடத்தில் நிற்கும் பட்டியலொன்றைத் தந்துவிடுகிறது. அந்த முதலிடத்தில் நலிந்துகொண்டிருக்கும் கம்பனிகள் அடிக்கடி வந்து நிற்பது தற்செயலானதன்று. கணக்கிடும் முறையிலேயே அதற்கான காரணம் இருக்கிறது.

மென்பொருள் செய்யும் வேலை எளிமையானது. அதனிடம் இரண்டு அட்டவணைகள் உள்ளன. ஒன்றில் ஒவ்வொரு பங்கினதும் நாளாந்த விலை பதிவாகிறது. மற்றதில் கம்பனிகள் அறிவித்த பங்கிலாபங்கள், அவற்றின் 'எக்ஸ் டி' திகதியுடன், அதாவது பங்கை வாங்குபவருக்கு அந்தக் கொடுப்பனவில் உரிமை இல்லாமற் போகும் முதல் நாளுடன், சேர்க்கப்படுகின்றன. கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒரு பங்குக்குக் கிடைத்த பங்கிலாபத்தைக் கூட்டி, அதை இன்றைய விலையால் வகுத்து, நூறால் பெருக்கினால் விளைவு வீதம் கிடைக்கிறது. "8 சதவீதத்துக்கு மேற்பட்டவை மட்டும்" என்ற நிபந்தனையை இட்டவுடன் மற்றவை நீங்கிவிடுகின்றன.

இது ஒரு பின்னம் என்பதை மறக்கக்கூடாது. 100 ரூபா விலையுள்ள பங்கு 8 ரூபா கொடுத்தால் வீதம் 8 சதவீதம். அந்தக் கம்பனியின் பெரிய வாடிக்கையாளர் விலகிவிட்ட செய்தி கசிந்து விலை 50 ரூபாவாக விழுந்தால், அடுத்த பங்கிலாபம் அறிவிக்கப்படும் வரை மென்பொருள் அதை 16 சதவீதம் தரும் பங்கு என்றே காட்டும். பின்னத்தின் மேலே உள்ள பங்கிலாபம் (தொகுதி) வளர்ந்ததா, கீழே உள்ள விலை (பகுதி) தேய்ந்ததா என்பதை வகுத்தல் பிரித்தறிவதில்லை. விலை சந்தையின் எதிர்பார்ப்பைக் காட்டுகிறது, பங்கிலாபமோ கடந்த ஆண்டின் நிலைமையைக் காட்டுகிறது. இரண்டுக்கும் இடையிலான பிளவு எங்கே பெரிதோ அங்கேதான் விளைவு வீதமும் உயர்ந்து நிற்கும்.

கால எல்லையால் வரும் பிழை இதைவிட நுட்பமானது. பலரும் கவனிக்காத அதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மார்ச் 31இல் நிதியாண்டை முடிக்கும் கற்பனைக் கம்பனி ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை 3 ரூபா இறுதிப் பங்கிலாபம் கொடுக்கிறது. பங்கின் விலை 50 ரூபா. ஓர் ஆண்டுக்கான எக்ஸ் டி திகதி 2023 ஜூலை 6 எனவும், அடுத்த ஆண்டுக்கானது 2024 ஜூன் 27 எனவும் வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 1ஆம் திகதி மென்பொருளை இயக்கினால், கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் இரண்டு கொடுப்பனவுகளும் அடங்கிவிடுவதால், அது 6 ரூபாவை 50ஆல் வகுத்து 12 சதவீதம் என்று காட்டும். ஒரே வாரம் கழித்து, ஜூலை 8ஆம் திகதி, அதே கம்பனி 6 சதவீதத்தில் நிற்கும். கம்பனியில் எதுவுமே மாறவில்லை. ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் நெருங்கும் மாதங்களில் இத்தகைய இரட்டிப்பு எளிதில் நேரும் என்பதால், நல்ல மென்பொருள் நாட்காட்டியை நம்பாமல் ஒவ்வொரு கொடுப்பனவையும் அது எந்த நிதியாண்டின் இலாபத்துக்கு உரியதோ அந்த ஆண்டோடு இணைத்துக் கூட்டுகிறது.

பங்குப் பிரிப்பும் இவ்வாறே கணக்கைக் கெடுக்கும். 200 ரூபாப் பங்கு ஒன்று நான்காகப் பிரிக்கப்பட்டு விலை 50 ரூபாவாக ஆனபின், பழைய 10 ரூபாப் பங்கிலாபத்தை 2.50 ஆகத் திருத்தாவிட்டால் 5 சதவீதம் 20 சதவீதமாகத் தோன்றும். எங்கள் வங்கிகள் சில ஆண்டுகளில் பங்கிலாபத்தின் ஒரு பகுதியைக் காசாகவும் மறு பகுதியைப் புதிய பங்குகளாகவும் கொடுத்திருக்கின்றன. வீட்டுச் செலவுக்குக் காசை எதிர்பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. ஆகவே தரவு அட்டவணையில் அவற்றுக்குத் தனித்தனி நிரல்கள் இருக்க வேண்டும்.

மென்பொருள் உண்மையிலேயே கண்ணைத் திறக்கும் இடங்களும் உண்டு. கொமர்ஷல் வங்கி போன்ற சில நிறுவனங்களுக்குச் சந்தையில் இரண்டு வகைப் பங்குகள் உள்ளன. 'என் 0000' என முடியும் குறியீடு வாக்குரிமை உள்ளதையும், 'எக்ஸ் 0000' என முடிவது வாக்குரிமை அற்றதையும் குறிக்கின்றன. பங்கொன்றுக்கான பங்கிலாபம் இரண்டுக்கும் சமமாக இருக்க, வாக்குரிமை அற்றது பொதுவாகக் குறைந்த விலைக்கு விற்பனையாவதால் அதன் விளைவு வீதம் கூடுகிறது. பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கும் எண்ணமே இல்லாத சிறு முதலீட்டாளருக்கு இந்த உயர்வு நலிவின் அடையாளமன்று. இத்தகைய சோடிகளை அடுத்தடுத்து வைத்துக் காட்டுவது கணினிக்கு மிக இலகு.

2022ஆம் ஆண்டின் அனுபவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. தேயிலை போன்றவற்றை ஏற்றுமதிச் சந்தைக்கு விற்கும் கம்பனிகளின் வருமானம் ரூபாக் கணக்கில் திடீரென வீங்கியது. பங்கிலாபமும் அதோடு உயர்ந்தது. ஆனால் அது நாணயத்தின் வீழ்ச்சி ஒருமுறை கொடுத்த வரவு. கடந்த ஓராண்டை மட்டும் பார்க்கும் வடிகட்டி அதையே ஆண்டுதோறும் வரும் வருமானமாக எண்ணிக்கொள்ளும். ஐந்து அல்லது ஏழு ஆண்டுகளின் கொடுப்பனவுகளை வரிசைப்படுத்தி, அவற்றின் இடைநிலைப் பெறுமானத்தை, அதாவது வரிசையின் நடுவில் வரும் தொகையை, இன்றைய விலையால் வகுத்தால் இந்த மயக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கையில், விளைவு வீதத்தை முதல் நிபந்தனையாக வைப்பது தவறு என்றும், அதைக் கடைசியில் இட வேண்டும் என்றும் நான் உறுதியாகக் கருதுகிறேன். முதலில் இடவேண்டியது தொடர்ச்சி: எத்தனை ஆண்டுகள் இடைவிடாது காசாகக் கொடுத்திருக்கிறது என்ற கேள்வி. அடுத்தது கொடுப்பனவு விகிதம், அதாவது இலாபத்தில் எவ்வளவு பங்கிலாபமாகப் போகிறது என்பது. பங்கொன்றுக்கான உழைப்பு (இலாபம்) 10 ரூபாவாக இருக்கையில் 12 ரூபாவைக் கொடுத்த கம்பனி பழைய சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோதான் கொடுத்திருக்க முடியும். ஆனால் இலாபத்தில் பெரும்பகுதியைப் பகிர்ந்தளிப்பதையே வழக்கமாகக் கொண்ட இலங்கைப் புகையிலைக் கம்பனி போன்றவையும் இருப்பதால், இந்த விகிதத்துக்கு ஒரே எல்லையை எல்லாத் துறைகளுக்கும் போடுவது நியாயமாகாது. வங்கிகள் நீங்கலான கம்பனிகளுக்குத் தொழிற்பாட்டுக் காசுப் பாய்ச்சலையும், அதாவது அன்றாடத் தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வரும் காசையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, பங்கிலாபம் கொடுத்த பின்னரும் கம்பனி தன் கடன்களை உரிய காலத்தில் தீர்க்க வல்லதாக இருக்கும் என்பதைப் பணிப்பாளர் சபை உறுதிசெய்து, கணக்காய்வாளரின் சான்றிதழையும் பெற வேண்டும். ஆனால் அந்தச் சோதனை இந்தக் கொடுப்பனவைப் பற்றியது, அடுத்த ஆண்டுக்கு அது உத்தரவாதமன்று.

கடைசியில் இடும் வீத எல்லையும் நிலையான எண்ணாக இருக்கக்கூடாது. அரசு குறுங்காலக் கடனுக்காக வெளியிடும் பத்திரமான திறைசேரி உண்டியலின் விளைவு வீதம் 2022இல் 30 சதவீதத்தைத் தாண்டியது. 2025இல் 8 சதவீதத்தை அண்மித்து நின்றது. முன்னைய ஆண்டில் 10 சதவீதப் பங்கிலாபம் ஒரு பொருட்டே அல்ல, பின்னைய ஆண்டிலோ அது கவனிக்கத்தக்கது. எனவே எல்லையைத் திறைசேரி உண்டியலோடு பிணைத்துவிடலாம். ஒப்பிடும்போது வரியையும் கழிக்க வேண்டும்: 2023 ஜனவரியிலிருந்து பங்கிலாபத்தில் 15 சதவீதம் முற்பண வருமான வரியாகப் பிடித்துவைக்கப்படுவதால், திரையில் தெரியும் 10 சதவீதம் கைக்கு வரும்போது 8.5 சதவீதமாகிறது.

இத்தனையும் தாண்டி மிஞ்சும் பத்துப் பதினைந்து கம்பனிகளில் இன்னொன்றைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். எங்கள் சந்தையில் சில பங்குகள் நாட்கணக்கில் கைமாறுவதே இல்லை; மென்பொருள் வகுக்கப் பயன்படுத்திய விலை கடைசியாக எப்போதோ நடந்த ஒரு சிறு விற்பனையின் விலையாக இருக்கலாம். தரகரின் திரையில் விற்பவர் இன்று கேட்கும் விலையைப் பார்த்து, அந்த விலையால் பங்கிலாபத்தை மீண்டும் ஒருமுறை வகுத்தால் பட்டியலின் வரிசை பல வேளைகளில் மாறிவிடும்.