கத்தி பிடிக்காத கை

இந்த மாதத்தில் இது நான்காவது இடது கை. தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஐந்தாவதும் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பினாங்கில் ஒரு மருத்துவமனையில் கைகளுக்குச் சிகிச்சை தருவது என் வேலை. அறைக் கதவில் 'ஜுருபுலே சாரா கெர்ஜா' (தொழில்வழிச் சிகிச்சையாளர்) என்று மலாயில் எழுதியிருக்கும். வருகிறவர்கள் என்னை மிஸ்ஸி என்றே கூப்பிடுவார்கள். நான் தாதி இல்லை என்று விளக்கி விளக்கி அலுத்துவிட்டது, இப்போதெல்லாம் மிஸ்ஸியாகவே இருந்துவிடுகிறேன். டாக்டர் அறுவை செய்து தைத்து அனுப்பிய விரல் மறுபடியும் மடங்க வேண்டும், சட்டைப் பொத்தான் போட வேண்டும் என்றால் என் மேசைக்கு வந்தாக வேண்டும்.

நான்காவது கைக்காரனுக்கு வயது பதினேழு, பட்டர்வொர்த் பக்கம் வீடு. (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) மாமாவுக்குக் காவடி. பின்பக்கத் தட்டுக்குப் போலிஸ்டரின் நுரைப்பலகையில் மயில் வெட்டும் பொறுப்பு இந்தத் தம்பிக்கு. இதற்கு முன்னால் அவன் எதையும் வெட்டிப் பழகியதில்லை. இரவு ஒரு மணி, வீட்டு வாசல், ஒரே ஒரு குழல்விளக்கு. இரண்டு அங்குலக் கனமான பலகையைத் தொடைமேல் சாய்த்து, மேல் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருந்த பென்நைஃபை (அட்டை வெட்டும் பிளேடு கத்தி) தன் பக்கமாக இழுத்திருக்கிறான். பாதி வழியில் கத்தி சிக்கிக்கொண்டது. அழுத்தி இழுத்தான். சட்டென்று விடுபட்டு வந்த கத்தி நின்ற இடம் இடது சுட்டுவிரலின் அடிப்பாகம்.

நம் ஆட்கள் எல்லாவற்றையும் 'நரம்பு' என்று சொல்லிவிடுவார்கள். விரலை மடக்கும் கயிறு தசைநாண், உணர்ச்சி கொண்டுவருவது நரம்பு. தம்பிக்கு இரண்டும் போய்விட்டன. அதுவும் அந்த இடத்தில். விரலின் அடியிலிருந்து நடுக்கணு வரை உள்ள பகுதிக்கு அந்தக் காலத்து அறுவை மருத்துவர்கள் 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தைத்தாலும் ஒட்டிக்கொள்ளும், விரல் விறைத்துப்போகும், அதனால் யாரும் கை வைக்கப் பயந்த இடம். இன்று தைக்கிறார்கள், நன்றாகவே தைக்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஆறு வாரம் பிளாஸ்டிக் கட்டு. பன்னிரண்டு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும், விரல்நுனி வரை எவ்வளவு நாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கட்டுப் போடும்போது கேட்டேன்.

"கத்தி புதுசா தம்பி?"

"இல்லக்கா, ரொம்ப மொக்கையான கத்தி. அதான் பயப்படாம வெட்டினேன்."

பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார்: "சின்னப் பையன், புதுசு குடுத்தா கையை வெட்டிக்குவான்னு நான்தான் பழசை எடுத்துக் குடுத்தேன் மிஸ்ஸி."

எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்த அம்மாமேல் இல்லை, பாவம், அவர் பாசத்தில் செய்தது. ஆனால் இதே வாக்கியத்தை வருடா வருடம் கேட்கிறேன். சமையலறையில் வெட்டிக்கொண்டவர்கள், பள்ளிக்கூட வேலைக்கு அட்டை வெட்டியவர்கள், பந்தல் ஜோடிக்கப் போனவர்கள், எல்லார் வீட்டிலும் யாரோ ஒருவர் 'பத்திரத்துக்காக' மொக்கைக் கத்தியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கூர் உள்ள கத்தி லேசாகத் தொட்டாலே இறங்கும். அதனால் நீங்கள் லேசாகத்தான் அழுத்துவீர்கள். லேசாக அழுத்தும் கையை நினைத்த இடத்தில் நிறுத்தலாம். மொக்கைக் கத்தி இறங்காது. இறங்காததால் மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று பலத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். பொருள் விட்டுக்கொடுக்கும் அந்த நொடியில் அவ்வளவு பலமும் கத்தியிலேயே இருக்கும், பிரேக் போட நேரம் இருக்காது. நம்பிக்கை வராவிட்டால் பழுத்த தக்காளியை இரண்டு கத்தியாலும் வெட்டிப் பாருங்கள். மொக்கைக் கத்தி தோலில் வழுக்கி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். 'சரி மிஸ்ஸி, மொக்கைக் கத்தி பொருளையே வெட்டவில்லை, கையை மட்டும் எப்படி வெட்டும்?' என்று ஒரு பெரியவர் கேட்டார். ஐயா, போலிஸ்டரினையும் தக்காளித் தோலையும்விட நம் விரல்தோல் ஒன்றும் பெரிய கோட்டை இல்லை. அவ்வளவு வேகத்தில் வந்தால் மொக்கைக் கத்தியும் வெட்டும், பிய்த்து வெட்டும். நேராக வெட்டுப்பட்ட தசைநாணைத் தைப்பதற்கும் பிய்ந்து போனதைத் தைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் டாக்டர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இது நமக்குப் புதிய சங்கதியும் இல்லை. என் தாத்தா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். விடியற்காலையில் மலைக்காட்டுக்குக் கிளம்பும் முன் கத்தியைத் தீட்டாமல் போனதே இல்லை. பட்டையை ஒன்றரை மில்லிமீட்டருக்குள் சீவ வேண்டும், ஆழமாகப் போனால் மரம் புண்ணாகிவிடும். மொக்கைக் கத்தியால் அந்தக் கணக்கு முடியாது. பாட்டியின் அரிவாள்மனையும் அப்படித்தான், எப்போதும் பளபளவென்று கூர். அதில் இன்னொரு புத்திசாலித்தனமும் உண்டு. கத்தி காலடியில் அசையாமல் நிற்கும், இரண்டு கையும் காயைப் பிடித்திருக்கும், எந்தக் கை எங்கே இருக்கிறது என்று பாட்டிக்குப் பார்க்காமலே தெரியும்.

பென்நைஃப் விஷயத்தில் நமக்குச் சாக்கே கிடையாது. 1956-ல் ஜப்பானில் ஒருவர் சாக்லேட் பட்டையை ஒடிப்பதைப் போல ஒடிக்கக்கூடிய பிளேடைக் கண்டுபிடித்தார். அந்தக் கத்தியின் ஒல்ஃபா என்ற பெயருக்கே ஜப்பானிய மொழியில் 'ஒடிக்கும் பிளேடு' என்றுதான் பொருள். பிளேடில் சாய்வாகக் கோடுகள் இருக்கிறதே, அழகுக்கு இல்லை. முனை மழுங்கினால் ஒரு துண்டை ஒடித்துப் போடு என்று அர்த்தம். நம் வீடுகளில் ஒரே பிளேடு அடுத்த தைப்பூசம் வரை வருகிறது. ஒரு பெட்டி பிளேடு இரண்டு தே தாரிக் டீயின் காசுதான்.

அப்புறம், கைகளைப் பற்றி ஒன்று. என்னிடம் வருகிற வெட்டுக் காயங்களில் பெரும்பாலானவை கத்தி பிடிக்காத கையில்தான். வலக்கைக்காரருக்கு இடது கை, இடக்கைக்காரருக்கு வலது கை. வேலை கற்றுக்கொடுக்கிறவர்கள் கத்தியை எப்படிப் பிடிப்பது என்று அரை மணி நேரம் பேசுவார்கள். மற்றக் கை எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அந்தக் கை பாட்டுக்கு எதையாவது பிடித்துக்கொண்டு, கத்தி வரும் பாதையிலேயே உட்கார்ந்திருக்கும். முதன்முதலாகக் கத்தி எடுக்கிறவரிடம் நான் சொல்வது இதைத்தான்: வெட்டுவதற்கு முன்னால் கோட்டைப் பார்க்காதீர்கள், அந்தக் கோடு முடிந்த பிறகும் கத்தி ஓடினால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். அங்கே விரலோ தொடையோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சியோ இருந்தால் இடத்தை மாற்றுங்கள். பலகையைத் தொடையில் சாய்க்காமல் மேசையில் படுக்க வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிளாம்ப் இல்லையா, மேலே ஒரு கனமான கட்டையை வையுங்கள். இரும்பு அளவுகோலை விளிம்பாக வையுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம், கத்தி அதன்மேல் ஏறிவிடும். கனமான பொருளை ஒரே இழுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். நாலைந்து முறை லேசாகக் கோடு போடுங்கள், தானாகப் பிரியும்.

திட்டம் போடுவதைப் பற்றிப் பேசினால் 'மயில் வெட்ட என்ன பெரிய திட்டம்?' என்று சிரிக்கிறார்கள். எனக்குக் கட்டுச் செய்வதும் கைவேலைதான். நோயாளியின் கையைத் தாளில் வைத்து வரைவேன், வெட்டுவேன், அந்தத் தாளை அவர் கையில் சுற்றிப் பார்ப்பேன். தாள் சரியாக உட்கார்ந்த பிறகுதான் விலையுயர்ந்த பிளாஸ்டிக்கைத் தொடுவேன். சுமார் 70 டிகிரித் தண்ணீரில் அது இளகும், கையில் வைத்துச் சில நிமிடத்தில் இறுகிவிடும். அந்தச் சில நிமிடத்தில் யோசிக்க முடியாது, யோசனையெல்லாம் தாளிலேயே முடிந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளைத் தாளை மட்டும் மூன்று முறை வெட்டச் சொல்வேன், முகத்தைச் சுளிப்பார்கள். பரவாயில்லை. உங்கள் மயிலையும் பழைய அட்டைப்பெட்டியில் ஒருமுறை முழுதாக வெட்டிப் பாருங்கள். கழுத்து வளைவில் கை எங்கே சிக்குகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

திட்டத்தில் நேரமும் சேர்த்தி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து, குளித்து, சாப்பிட்டு, இரவு பதினொரு மணிக்குக் கத்தியை எடுத்தால் அது பக்தி இல்லை, தூக்கக்கலக்கம். முருகன் கோவித்துக்கொள்ள மாட்டார், போய்ப் படுங்கள்.

மெஷின் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். கிரைண்டரின் (மாவரைப்பது இல்லை, கையில் பிடித்து இரும்பு வெட்டுவது) காப்புத் தகட்டைக் கழற்றாதீர்கள். நான்கு அங்குல கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டாதீர்கள், அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் சாமான். வெட்டும் தட்டில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும், எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள்? பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள், சிலிப்பரைக் கழற்றிவிட்டு மூடின காலணி போடுங்கள். சுழலும் மெஷினுக்கு நூல் கையுறை கூடவே கூடாது. நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்துச் சுற்றும். கத்தி வேலைக்குக் கையுறை வேண்டும் என்றால் வெட்டுத் தாங்கும் வகையை வாங்கி, கத்தி பிடிக்காத கையில் போடுங்கள். மோதிரம், காப்பு, கோயில் கயிறு எல்லாம் வேலை முடியும்வரை வெளியே. விரதக் கயிறு, அவிழ்க்க மாட்டேன் என்கிறவர்கள் அன்று ட்ரில்லையும் கிரைண்டரையும் வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

சூடான கம்பியால் போலிஸ்டரின் வெட்டுகிறவர்கள் திறந்த இடத்தில் வெட்டுங்கள், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. பக்கத்தில் ஸ்ப்ரே பெயிண்டும் சிகரெட்டும் இருக்கவே கூடாது. குளூ கன் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் சில வகைகளில் பசை 190 டிகிரி வரை போகும். தோலில் விழுந்தால் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை தடவிக்கொண்டு என்னிடம் வந்தால் திட்டு நிச்சயம்.

வெட்டுப்பட்டுவிட்டதா? சுத்தமான துணியால் இறுக்கி அழுத்தி, கையை உயர்த்திக்கொண்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். மஞ்சள்தூள் வேண்டாம், காப்பித்தூள் வேண்டவே வேண்டாம், அதைச் சுரண்டி எடுப்பதும் ஒரு தனி அறுவைதான். விரல் துண்டாகிவிட்டால் 999-ஐக் கூப்பிடுங்கள். துண்டை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் உறைந்து கெட்டுவிடும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். காயம் சின்னதாக இருக்கும், இரத்தம் நின்றிருக்கும், பிளாஸ்டர் போட்டுவிட்டு வேலையைத் தொடர்வீர்கள். அதற்கு முன் விரலின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக மடக்கிப் பாருங்கள், நுனியைத் தொட்டுப் பாருங்கள். நுனி மடங்கவில்லை, அல்லது ஒரு பக்கம் மரத்துக் கிடக்கிறது என்றால் அன்றைக்கே போங்கள். மூன்று வாரம் கழித்து 'வலி இல்லை மிஸ்ஸி, விரல்தான் மடங்கல' என்று வந்த ஒரு அண்ணனிடம், அறுந்த தசைநாண் உள்ளங்கைப் பக்கம் சுருங்கி ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஓவன் தட்டு தூக்கும் ரொட்டிக்கடைக்காரர்.

வேலை முடிந்ததும் வெட்டிய பொருளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நான் கட்டுப் போட்டு இருபது நிமிடம் உட்கார வைத்து, கழற்றி, தோலில் சிவப்புத் தழும்பு எங்கே இருக்கிறது என்று தேடுவேன். சிவந்த இடம் நான் தப்பாக வளைத்த இடம். உங்கள் மயிலிலும் அப்படித் தழும்புகள் இருக்கும். விளிம்பு பிய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கிறதா, அந்த இடத்திலேயே பிளேடை ஒடித்திருக்க வேண்டும். கோடு கடைசியில் வெளியே ஓடியிருக்கிறதா, அங்கே உங்கள் கை களைத்துவிட்டது, அல்லது உடம்பைத் திருப்பாமல் கையை மட்டும் திருப்பினீர்கள். கத்தி வழுக்கியது ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்ற இடம் ஒன்றிரண்டாவது இருக்கும். எல்லாரும் மறக்கப் பார்ப்பது அதைத்தான். பென்சிலால் அங்கே ஒரு பெருக்கல் குறி போடுங்கள், அந்த நேரம் மற்றக் கை எங்கே இருந்தது என்று திரும்பப் பிடித்துப் பாருங்கள். அந்தத் தம்பியையும் கட்டோடு அப்படிப் பிடித்துக் காட்டச் சொன்னேன். கட்டுப் போட்ட கையைக் காற்றில் மயிலின் கழுத்து இருந்த உயரத்தில் வைத்தான், வலது கையை அதை நோக்கி இழுத்தான். "நேரா கையை நோக்கித்தான் இழுத்திருக்கேன்கா," என்றான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒடித்த பிளேடுத் துண்டுகளை மூடியுள்ள பழைய மைலோ டின்னில் போட்டு, நிறைந்ததும் டேப் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று எழுதி வீசுங்கள். சும்மா பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள். குப்பை அள்ளுகிற ஒரு பங்களாதேஷ்காரத் தம்பியின் உள்ளங்கைக்கும் போன வருடம் நான்தான் கட்டுச் செய்தேன்.