அலோகேஷன்: ஒதுக்குவது யார்?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் படுத்துவிடும்போது கடைசியாக எழுதிவைக்கும் பதிவில் பெரும்பாலும் ஒரு முகவரி இருக்கும். சமீபத்தில் நான் பார்த்த ஒரு பதிவில் இருந்தது இது: 0000000000000018. பதினறும எண், நம் கணக்கில் 24. இவ்வளவு சின்ன முகவரியில் கெர்னலுக்கு ஒரு வேலையும் கிடையாது. நிரலைத் திறந்தால் கதை இரண்டே வரி. ஒரு டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் நிரல், 200 பைட் நினைவகம் கேட்டிருக்கிறது, கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு அடையாளமாகச் சுழியம் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பார்க்காமலே, கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, அந்த நினைவகத்தின் நான்காவது புலத்தில், அதாவது தரவுக்கான நான்காவது கட்டத்தில், எழுதப் போயிருக்கிறது. முன்னால் இருக்கும் மூன்று புலங்களும் தலா 8 பைட். சுழியத்திலிருந்து 24 பைட் தள்ளி என்பது அப்படி வந்ததுதான்.

இந்த மாதிரிப் பிழையில், நினைவகம் ஒதுக்குவதைக் குறிக்கும் 'அலோகேஷன்' என்ற சொல்லுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

லத்தீனில் 'லோகுஸ்' என்றால் இடம், 'லோகாரே' என்றால் இடத்தில் வைத்தல். முன்னால் 'அட்' சேர்ந்து இடைக்கால லத்தீனில் 'அல்லோகாரே' ஆனது. லோக்கல், லொகேஷன் எல்லாம் அதே குடும்பம்தான். அந்தக் குடும்பத்தில் நாம் எதிர்பார்க்காத ஒரு உறவும் இருக்கிறது: 'அலவ்', அனுமதித்தல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல்லில் 'அல்லோகாரே'யும், புகழ்தல் என்று பொருள்படும் வேறொரு லத்தீன் வினையும் கலந்திருக்கின்றன. ஒதுக்குவதும் அனுமதிப்பதும் பங்காளிகள் என்பதை நிரல் எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறோம். அனுமதி என்றால் மறுக்கவும் படலாம்.

தமிழில் இதற்கு 'ஒதுக்கீடு' என்ற சொல் நன்றாகவே நிலைத்துவிட்டது. ஒதுக்கு, ஈடு என்று பிரியும். 'இடு' என்ற வினையின் முதல் எழுத்து நீண்டு 'ஈடு' என்ற பெயராகிறது. முதலீடு, வெளியீடு, குறியீடு எல்லாம் இப்படி வந்தவை. இடு என்றால் வை. லத்தீன்காரர் இடத்தில் வைத்தார், நாம் ஒதுக்கி இடுகிறோம். தற்செயலான ஒற்றுமைதான், ஆனாலும் பார்க்க நன்றாக இருக்கிறது.

ஒதுங்கு, ஒதுக்கு இரண்டும் அடங்கு, அடக்கு போலத் தன்வினையும் பிறவினையுமான இணை. பழைய இலக்கியத்தில் ஒதுங்குதல் நடப்பதையும் குறிக்கும், 'ஒதுக்கம்' என்றால் நடை. இன்று நாம் மழைக்கு ஒதுங்குகிறோம், வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்குகிறோம். பிறவினையான 'ஒதுக்கு' இரண்டு பக்கமும் வெட்டும் சொல். உங்களுக்காக ஒன்றை எடுத்துவைத்தாலும் ஒதுக்குவதுதான், உங்களையே விலக்கிவைத்தாலும் ஒதுக்குவதுதான். நினைவகத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒரு துண்டு உங்களுக்கு என்று ஆனதும் மற்ற எல்லோருக்கும் அது விலக்கு. 'அலோகேஷன்' முதல் பாதியைத்தான் சொல்கிறது. 'ஒதுக்கீடு' இரண்டையும் சொல்கிறது.

அதைவிட முக்கியம், தமிழில் ஒதுக்குகிறவர் ஒருவர், பெறுகிறவர் இன்னொருவர். நிதி ஒதுக்கீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துறை கோரும், அரசு ஒதுக்கும். 'நாங்கள் எங்களுக்கு நிதி ஒதுக்கிக்கொண்டோம்' என்று எந்தத் துறையாவது சொன்னால் விசாரணைதான் வரும். ஆனால் கெர்னல் பேச்சில் கேட்கிற நிரலே 'அலோகேட்' பண்ணுவதாகச் சொல்கிறோம். லினக்ஸின் காசான் என்ற பிழைகாட்டி, விடுவித்த நினைவகத்தை யாராவது தொட்டால் ஒரு நீண்ட அறிக்கை தரும். அதில் 'அலோகேட்டட் பை' என்று ஒரு வரி வரும். அந்த வரி காட்டுவது கேட்டு வாங்கிய பணியை, உண்மையில் ஒதுக்கிக் கொடுத்த பகுதியை அல்ல. தமிழில் ஆவணம் எழுதும்போது இந்தக் குழப்பத்தையும் சேர்த்து மொழிபெயர்க்க வேண்டியதில்லை. டிரைவர் கோரியது, கெர்னல் ஒதுக்கியது, டிரைவர் விடுவித்தது என்று எழுதலாம். 'கோரியது' என்று எழுதிய கை, அடுத்த வரியில் 'கிடைத்ததா?' என்று தானாகக் கேட்கும்.

நிதி உவமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். சாதாரணச் செயலிகள் நினைவகம் கேட்டால் லினக்ஸ் பல நேரம் வாக்குறுதி மட்டும் கொடுத்துவிட்டு, தொடும்போதுதான் உண்மையான பக்கத்தை (நினைவகத்தின் ஒரு துண்டை) எடுத்துக் கொடுக்கும். கெர்னலுக்குள் நினைவகம் கேட்கும் செயல்கூறான கே-மேலாக் வழியாகக் கேட்பது அப்படியில்லை. கொடுத்தால் அந்த நிமிடமே கையில், இல்லாவிட்டால் சுழியம்.

எப்படிக் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. கோரிக்கையோடு ஒரு கொடியையும், அதாவது எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பையும், அனுப்ப வேண்டும். ஜிஎஃப்பி-கெர்னல் என்றால் 'காத்திருக்கிறேன், எங்கிருந்தாவது தேற்றிக் கொடு' என்று பொருள். தேற்றும் வரை கேட்டவர் தூங்கலாம். ஜிஎஃப்பி-அடாமிக் என்றால் 'இருந்தால் கொடு, இல்லாவிட்டால் இல்லையென்று உடனே சொல்' என்று பொருள். இன்டரப்டுக்குள்ளோ (வன்பொருள் குறுக்கிட்டு அழைக்கும் நேரம்) ஸ்பின்லாக்கைப் (தூங்காமல் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டோ தூங்க முடியாது, அங்கே இரண்டாவதுதான் வழி. முதல் கொடியோடு சின்ன அளவு கேட்டால் லினக்ஸில் மறுப்பு வருவது மிகவும் அரிது. ஆபத்து அந்தப் பழக்கத்தில்தான். வருடக்கணக்கில் சுழியத்தையே பார்க்காத நிரலை யாராவது இன்டரப்டுக்குள் நகர்த்திக் கொடியை மாற்றுவார்கள். மறுப்பு வரும் நாளில் எல்லாம் படுத்துவிடும். மேலே சொன்ன டிரைவரின் கதையும் அதுதான்.

அளவிலும் ஒரு ஏமாற்று உண்டு. 200 பைட் கேட்டால் பொதுவாகக் கிடைப்பது 256 பைட் பெட்டி. ஒரே அளவுப் பெட்டிகளைப் பக்கங்களில் அடுக்கிவைக்கும் இந்த முறையை ஜெஃப் பான்விக், சன் நிறுவனத்தின் இயங்குதளமான சன் ஓஎஸ் 5.4க்காக எழுதி 1994இல் கட்டுரையாகத் தந்தார். பெயர் 'ஸ்லாப்', தமிழில் பாளம் எனலாம். 210ஆவது பைட்டில் எழுதினால் சத்தமே வராது. 257ஆவதில் எழுதினால் பக்கத்து வீட்டுச் சுவர் இடியும், அதுவும் வேறொரு நேரத்தில், வேறொருவர் பெயரில்.

அப்புறம், ஒதுக்கீட்டின் எதிர்ச்சொல். 'ஃப்ரீ' என்பதை அழித்தல், நீக்கல் என்று எழுதுகிறார்கள். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. எதுவும் அழிவதில்லை. பழைய தரவு அப்படியே கிடக்கும், உரிமை மட்டும் போகும். 'விடுவிப்பு'தான் பொருத்தம். விடுவித்தபின் பயன்படுத்துவது, இருமுறை விடுவிப்பது என்று பிழைகளின் பெயர்களும் இயல்பாக வந்து உட்காருகின்றன. இவற்றைக் கண்டுபிடிக்கக் கெர்னலில் நஞ்சு தடவும் வசதி இருக்கிறது. அதை இயக்கினால், விடுவித்த பெட்டி முழுவதும் 107 என்ற எண்ணை நிரப்பி, கடைசி பைட்டில் மட்டும் 165 வைக்கும். எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 107 என்பது ஆங்கிலச் சிற்றெழுத்து 'கே'. அதனால் நினைவகத்தின் நகலைத் திரையில் விரித்தால் வலப்பக்க நெடுவரிசையில் கே, கே, கே என்று வரிவரியாக ஓடும். அந்த வரிசையின் நடுவே ஒரு வேற்று எழுத்து தெரிந்தால், யாரோ விடுவித்த இடத்தில் போய் எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

'அலோகேட்டர்' என்பதற்கு 'ஒதுக்கி' என்று ஒரு சொல் உலவுகிறது. தனியாகச் சொன்னால் சரி, வாக்கியத்துக்குள் போட்டால் எச்சமா பெயரா என்று தடுமாற வைக்கும். 'ஒதுக்கி விடுவித்தது' என்பதை வாசித்துப் பாருங்கள். நீளம் பரவாயில்லை என்றால் 'ஒதுக்கீட்டு நிரல்' தெளிவானது. 'கெர்னல்' பழைய ஆங்கிலத்தில் விதை, தானியம் என்பதன் குறுமை வடிவம். 'கருவகம்' என்றால் பொருள் கெடாது. ராணுவக் 'கர்னலோடு' குழம்பாமல் இருக்கவாவது 'கெ' போட்டு எழுதலாம்.

அந்த டிரைவருக்குச் சுழியச் சோதனை ஒன்றைச் சேர்த்தால் கணினி படுக்காது. ஆனால் மறுப்பு வந்த ஒவ்வொரு முறையும் வேலை நின்றுபோகும். அதனால் கோரிக்கையையே இன்டரப்டுக்கு வெளியே, டிரைவர் தொடங்கும் இடத்துக்கு நகர்த்தினேன். அங்கே காத்திருக்கலாம், மறுப்பு வந்தால் கௌரவமாகத் திரும்பலாம். பிறகு, வேண்டுமென்றே ஒதுக்கீட்டை மறுக்கும் ஃபெயில்ஸ்லாப் வசதியை இயக்கிவிட்டு டிரைவரை ஏற்றினேன். இந்த முறை பதிவில் முகவரி எதுவும் இல்லை. நினைவகம் கிடைக்கவில்லை என்பதற்கான பிழை எண் மட்டும் இருந்தது: -12.