மழைக்கு மூன்று வாரம் முன்னால்: மாட்டுக்கான இலவசத் தடுப்பூசி, தெரிந்திருக்க வேண்டியவை

ஐப்பசி அடைமழை பிடித்த நாலாம் நாள், கட்டுத்தறியில் மாடு தீவனத்தைத் தொடாமல் நிற்கிறது. உடம்பு கொதிக்கிறது. தொண்டைக்குக் கீழே கையை வைத்தால் சூடான வீக்கம். மூச்சு விடும்போது குறட்டை மாதிரி சத்தம். தொண்டை அடைப்பான் இப்படித்தான் வரும். பார்த்து, பேசி, வண்டி பிடிப்பதற்குள் ஒரே நாளில் மாடு போய்விடுவதும் உண்டு. இந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது, அதுவும் அரசு கால்நடை மருந்தகத்தில் போடுவது. ஆனால் மழை பிடித்த பிறகு போய்க் கேட்டால் பாதிப் பயன்தான். ஊசி போட்டதும் உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிடுவதில்லை. அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும்.

இந்த நோய்க் கிருமி சில மாடுகளின் தொண்டையில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். கோடையில் தீவனம் குறைந்து மெலிந்த மாடு, திடீரென்று மழையில் நனைந்து, சேற்றில் நின்று சோர்ந்ததும் கிருமி தலை தூக்கும். ஈரத்தில் அதற்கு ஆயுளும் கூடும். சப்பை நோயும் (தொடைச் சதை வீங்குவது) அடைப்பானும் (ஆந்த்ராக்ஸ்; தொண்டை அடைப்பான் வேறு, இது வேறு) மண்ணிலிருந்து வருபவை. அடைப்பான் கிருமியின் வித்து மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வறட்சியில் மாடு புல்லை வேரோடு கடிக்கும்போது மண்ணும் சேர்ந்து உள்ளே போகிறது. பெருமழையோ வித்தை அடித்துக்கொண்டு வந்து தாழ்வான மேய்ச்சல் நிலத்தில் சேர்க்கிறது.

கொசு, உண்ணி, கடிக்கும் ஈ இவற்றின் கதை வேறு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் முட்டையிலிருந்து பூச்சியாகும் காலம் சுருங்கி, எண்ணிக்கை பெருகும். தோல் கழலை நோய், நம் ஊரில் மாட்டு அம்மை என்கிறார்களே, அது பெரும்பாலும் இப்படிக் கடிக்கும் பூச்சிகளால்தான் பரவுகிறது. இந்தியாவில் இது முதலில் 2019-இல் ஒடிசாவில் தெரிந்தது. 2022-இல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரி நோயின் வைரஸ் வறண்ட வெயிலில் சீக்கிரம் அழியும், குளிரும் ஈரமும் இருந்தால் தாக்குப்பிடிக்கும். அதனால் அடைமழைக்குப் பிந்தைய பனிக்காலத்தில் அதற்கு இடம் அதிகம்.

சரி, அரசு எதைத் தருகிறது? கோமாரிக்கும், சினை மாடு கன்றைக் கலைத்துவிடும் கன்று வீச்சு நோய்க்கும் (புருசெல்லோசிஸ்) தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கியது. அப்போது ஐந்தாண்டுக்கு என ஒதுக்கியது 13,343 கோடி ரூபாய், முழுக்க ஒன்றிய அரசின் பணம். கோமாரி ஊசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை. கன்றுக்கு நாலு மாதம் ஆனதும் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. கன்று வீச்சு நோய்க்கு, நாலு முதல் எட்டு மாதத்துக்குள் இருக்கும் கிடேரிக் கன்றுக்கு ஆயுளில் ஒரே முறை. அந்த வயதைத் தவறவிட்டால் திட்டத்தில் அதற்கு மறு வாய்ப்பு இல்லை. இந்த நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால் தேதியைக் காலண்டரில் குறித்தே வையுங்கள்.

தொண்டை அடைப்பான், சப்பை நோய், அடைப்பான், தோல் கழலை நோய் ஆகியவற்றின் ஊசிகள் வேறு ஏற்பாட்டில் வருகின்றன. இங்கே செலவை ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்று பகிர்கின்றன. எந்த ஊருக்கு எந்த ஊசி என்பதை நோய் வந்த வரலாற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். உதாரணமாக, அடைப்பான் ஊசி ஏற்கெனவே அந்த நோய் வந்த ஊர்களில்தான் போடப்படும். அதனால் கோமாரி முகாம் போல இது தானாக வாசலுக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைப் பகுதி என்றால் ஆவணி பிறந்ததுமே மருந்தகத்தில் கேளுங்கள். தென்மேற்குப் பருவமழை பெறும் நீலகிரி, கன்னியாகுமரிப் பக்கம் என்றால் சித்திரையிலேயே.

ஊசி போட்டால் பால் குறையும் என்று பலர் முகாம் அன்று மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுகிறார்கள். ஒன்றிரண்டு நாள் கொஞ்சம் குறையலாம், லேசாகக் காய்ச்சலும் இருக்கலாம், அப்புறம் சரியாகிவிடும். கோமாரி வந்த கறவை மாட்டின் பால் அப்படித் திரும்பி வருவதில்லை. வாயும் குளம்பும் ஆறிய பிறகும், வெயில் தாங்காமல் மூச்சிரைத்தே நாளைக் கழிக்கும் மாடுகளைப் பார்த்திருப்பீர்கள். நிறைமாதச் சினை, காய்ச்சல் இருந்தால் மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

நம் பக்கம் ஒரு கடமையும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் விலங்கு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள நோய் என்று சந்தேகம் வந்தாலே கிராம அலுவலரிடமோ ஊராட்சியிடமோ தெரிவித்து, அந்த மாட்டை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கட்ட வேண்டும். நோயில் இறந்த மாட்டை ஆற்றிலோ ஏரியிலோ போடுவது குற்றம். மாடு திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசிந்தால் தோலை உரிக்கவே கூடாது. அது அடைப்பானாக இருக்கலாம். காற்றுப் பட்டதும் கிருமி வித்தாகி அந்த மண்ணிலேயே தங்கிவிடும். மருத்துவர் வரும்வரை தொடாமல் விடுங்கள். மருந்தகம் தூரம் என்றால் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும்; கட்டணமில்லா எண்.

இழப்பீட்டில்தான் நிறையக் குழப்பம். வெள்ளத்திலோ புயலிலோ கறவை மாடு இறந்தால் பேரிடர் நிவாரணமாக 37,500 ரூபாய் உண்டு. அது பேரிடரில் நேர்ந்த சாவுக்கு. மழைக்குப் பின் நோய் கண்டு இறந்தால் அந்தப் பணத்தை நம்ப முடியாது, காப்பீடுதான் கை கொடுக்கும். தேசிய கால்நடை இயக்கத்தில் பிரீமியத்தில் விவசாயியின் பங்கு 2024 முதல் 15 சதவீதம், மீதியை அரசுகள் கட்டுகின்றன.

தடுப்பூசிப் பதிவு, காப்பீடு இரண்டுக்கும் ஆதாரம் மாட்டின் காதில் இருக்கும் 12 இலக்க மஞ்சள் வில்லைதான். வேலியில் சிக்கி அது அறுந்து விழுந்தால் அன்றே மருந்தகத்தில் சொல்லிப் புது வில்லை போட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு கிடையாது. எண்ணோடு மாட்டின் முகமும் தெரிகிற மாதிரி ஒரு படம் இன்றைக்கே போனில் எடுத்து வையுங்கள்.