எல்லாமே கடுவன் கடி அல்ல: பூனையின் தோல் ஏன் கிழிகிறது?

யாழ்ப்பாணத்தில் தோல் கிழிந்த பூனையைத் தூக்கி வருபவர்கள் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றைச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக் கடுவன் கடித்தது, முள்ளுக்கம்பி கிழித்தது, நாய் துரத்தியது. பல வேளை அது சரியாகவும் இருக்கும். கடுவன் கடி என்றால் பல் பதிந்த சிறு துளை தெரியும், இரண்டு மூன்று நாளில் வீங்கிச் சீழ் கட்டும், பூனை காய்ச்சலில் சுருண்டு படுக்கும். சீழ் இல்லை, வீக்கம் இல்லை, இரத்தம்கூடப் பெரிதாக இல்லை, ஆனால் தோல் மட்டும் நீளமாகக் கிழிந்து விலகி நிற்கிறது என்றால் விஷயம் வேறு.

அப்படி வந்த ஒரு செம்பூனைக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. பிஸ்கட் மட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். "மூன்றாவது தரம் டொக்டர். இந்த முறை வெளியிலயே விடேல்லை. பிள்ளை தூக்கேக்க கட்டில் சட்டத்தில பட்டது, அவ்வளவுதான்" என்றார் அந்த வீட்டு அம்மா. தோளில் உள்ளங்கை நீளத்துக்குக் கிழிசல். அடியில் சதை பளபளவென்று தெரிகிறது, விரித்த துவாயில் ஒரு சொட்டு இரத்தம். பூனையோ என் பேனையைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. மயிரை விலக்கிப் பார்த்தால் முதுகிலும் விலாவிலும் மயிர் முளைக்காத, வெளிறிய, மெல்லிய பழைய தழும்புகள். வீட்டார் கண்ணில் படாமலே கிழிந்து தானாக ஆறியவை அவை.

இது பிறவிக் கோளாறு. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரத இழைகள். அவை ஒழுங்காக அடுக்கப்பட்டு ஒன்றோடொன்று பிணைந்திருந்தால்தான் தோல் இழுவையைத் தாங்கும். இந்தப் பூனைகளில் மரபணுப் பிழையால் இழைகள் தாறுமாறாக உருவாகின்றன. விளைவு, தோல் அளவுக்கு மீறி இழுபடும், நனைந்த கடதாசி போலச் சட்டென்று கிழியும். சிலவற்றில் மூட்டுகளும் தளர்ந்து நழுவும். மனிதரிலும் இதற்கு இணையான நோய்கள் உண்டு. 1901இல் டென்மார்க்கின் ஏலர்ஸ், 1908இல் பிரான்ஸின் டன்லோஸ் ஆகிய இரு தோல் மருத்துவர்கள் விவரித்ததால் ஏலர்ஸ்-டன்லோஸ் என்று பெயர். நாய், மாடு, ஆடு, குதிரையிலும் இந்த வகைக் கோளாறுகள் காணப்பட்டிருக்கின்றன.

இணையத்தில் அவ்வப்போது சுற்றும் 'சிறகு முளைத்த பூனை' படங்களில் சிலவற்றுக்கும் இதுதான் காரணம். தோள்பட்டையில் இழுபட்ட தோல் மடிப்பாகத் தொங்கினால் தூரத்தில் இருந்து சிறகு போலத்தான் தெரியும். சிக்குப் பிடித்த மயிரும் அப்படித் தோன்றலாம். அதிசயம் என்று பகிர்கிறவர்கள் அந்தப் பூனையை வைத்தியரிடம் காட்டினார்களா என்பதுதான் எனக்கு வரும் கேள்வி.

சந்தேகத்தை அளந்து பார்க்க ஒரு எளிய வழி உண்டு. இடுப்புக்கு மேல் தோலை மெதுவாக உயர்த்தி அந்த மடிப்பின் உயரத்தை அளப்போம். அதைப் பிடரி எலும்பிலிருந்து வால் அடிவரையான நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குவோம். பூனையில் 19 சதவீதத்துக்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கும். உடல் நீளம் 32 சென்ரிமீற்றர், மடிப்பு 8 சென்ரிமீற்றர் என்றால் 25 சதவீதம். தயவுசெய்து இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், இழுக்கிற இழுவையிலேயே கிழிந்துவிடும். தோல் துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும் உண்டு. ஆனால் வழமையான சாயத்தில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றலாம். அதனால் அறிக்கையை மட்டும் நம்பி இந்த நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

வயதைக் கேட்பது மிக முக்கியம். குட்டிப் பருவத்திலிருந்தே கிழிகிறது என்றால் பிறவிக் கோளாறை நினைக்கலாம். பத்து வயதுப் பூனைக்குத் திடீரென்று தொடங்கினால் அது பிறகு வந்தது. அந்தத் தோல் இழுபடாது, மெலிந்து போயிருக்கும், கிழியும். அட்ரினல் சுரப்பியின் மிகைச் சுரப்பு, நீரிழிவு, ஈரல் நோய் ஆகியவற்றைத் தேட வேண்டும். இதில் நாமே தேடிக்கொள்கிற காரணமும் இருக்கிறது: அரிப்புக்கு என்று மாதக்கணக்கில் போடும் ஸ்டீரொயிட் ஊசி, குட்டி போடாமல் இருக்கத் திரும்பத் திரும்பப் போடும் ஹோர்மோன் ஊசி. கருத்தடை ஊசி சுலபம், ஒபரேஷன் பயம் என்று கேட்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தோல் மெலிவு ஒருபுறம், நீரிழிவு, கருப்பையில் சீழ், முலைக் கட்டி மறுபுறம். ஒரு தடவை ஒபரேஷன் செய்தால் முடிந்தது.

இனி வீட்டு வைத்தியம். மஞ்சள் பூசி வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கழுவிவிடலாம். டெட்டோல் வேண்டாம், பூனை நக்கினால் நஞ்சு. நோவுக்குப் பனடோல் கொடுத்தால் உயிரே போகும், அரை வில்லைகூடக் கூடாது. ஒட்டும் பிளாஸ்டர் போட்டால் அதை எடுக்கும்போது இன்னொரு கிழிசல். உப்புக் கரைசலால் கழுவி, சுத்தமான துணியால் மூடிக் கொண்டுவந்தால் போதும். இந்தத் தோல் கிழிகிற சுலபத்தோடு பார்த்தால் ஆறுவதும் வேகமாகத்தான். சங்கடம் தையலில். கிழிந்த ஓரத்துக்கு மிக அருகில் ஊசி குத்தினால் நூலே தோலை அறுத்துக்கொண்டு வரும், அதனால் சற்றுத் தள்ளி, இழுவை விழாமல் தைக்க வேண்டும். சின்னக் கிழிசலுக்குத் தோல் பசை நல்லது. ஆனால் நிஜமாகவே நாயோ வேறு விலங்கோ கடித்ததைக் கண்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், விசர்நாய்க்கடி நோய் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கும்.

குணப்படுத்த மருந்து கிடையாது. விற்றமின் சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், பூனையில் அதை நம்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காப்பாற்றுவது வீட்டு ஒழுங்குதான். வெளியே விடக்கூடாது. கிளுவை வேலியும் முள்ளுக்கம்பியும் உள்ள வளவில் அது நடமாட முடியாது. முரட்டுக் கடுவனோ நாயோ கூட இருக்கக்கூடாது. நகத்தை இரண்டு கிழமைக்கு ஒருதரம் வெட்ட வேண்டும், ஏனென்றால் தன்னையே சொறிந்து கிழித்துக்கொள்ளும். அதனால் தெள்ளு ஒன்றும் இருக்க விடாதீர்கள். நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனைக்கு நஞ்சு, பூனைக்குரியதை மட்டும் வாங்குங்கள். மேசை விளிம்பு, கட்டில் சட்டம், ஆணி நீட்டிய அலுமாரி எல்லாவற்றிலும் துணி சுற்றலாம்.

கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்குவது இங்கே பழக்கம், தாய்ப்பூனை அப்படித்தானே தூக்குகிறது என்பார்கள். வளர்ந்த பூனைக்கு அது பொருந்தாது. இந்தப் பூனைக்கு அறவே ஆகாது. ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை பின்கால்களைத் தாங்கி.

இனப்பெருக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். பேர்ஷியன், ஹிமாலயன் என்று கொழும்பிலிருந்து விலை கொடுத்து வாங்கி இங்கே குட்டி எடுத்து விற்கும் பழக்கம் கூடிக்கொண்டு வருகிறது. இந்தக் கோளாறின் ஒரு வகையில் பாதித்த ஒரு பெற்றோர் போதும், சராசரியாகப் பாதிக் குட்டிகளுக்குப் போகும். இன்னொரு வகை, ஹிமாலயன் பூனைகளில் அறியப்பட்டது, தாயும் தந்தையும் பார்வைக்கு நல்லாக இருந்தே குட்டியில் வெளிப்படும். அண்ணன் தங்கையைச் சேர்த்துக் குட்டி எடுப்பவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பூனைகளுக்கும் வரும், சாதிப் பூனையின் நோய் என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒரு குட்டி பிறந்தால் அதற்கும் அதன் தாய்க்கும் தந்தைக்கும் கருத்தடை ஒபரேஷன் செய்துவிடுங்கள். செய்யும் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மயிர் மழிக்கும் கத்தியே தோலைக் கிழிக்கும், மயக்க நிலையில் பூனையைப் பிடிக்கும் கையும் கவனமாக இருக்க வேண்டும். சாக்கில் கட்டி வேண்டாம், மட்டைப் பெட்டிக்குள் துவாய் விரித்துக் கொண்டுவாருங்கள்.