கிராஃபிக்ஸ் கார்டு மாற்றியதும் கம்ப்யூட்டர் நிற்கிறதா? ஃபார்மட் போடும் முன் படியுங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கிராஃபிக்ஸ் கார்டு மலிவாகக் கிடைத்தது, வாங்கி மாட்டினோம், அன்றிலிருந்து ஆன் செய்தாலே நின்றுபோகிறது. என் சர்வீஸ் மேசைக்கு வரும் பழைய சிபியூக்கள் பலவற்றின் கதை இதுதான். இங்கே வருவதற்குள் யாராவது விண்டோஸை ஃபார்மட் போட்டிருப்பார்கள். கல்யாண போட்டோ எல்லாம் போயிருக்கும்; கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

நான் முதலில் கேட்பது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத்தான்.

லோகோவே வராமல் திரை கறுப்பாக இருந்தால் விண்டோஸைக் குறைசொல்ல முடியாது. கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி, ஸ்லாட்டில் தூசி தட்டி, அழுத்தி மாட்டிப் பாருங்கள். ரொம்பப் பழைய மதர்போர்டின் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) சில புது கார்டுகளை ஏற்காது. மானிட்டரில் விஜிஏ என்ற பழைய அனலாக் இணைப்பு மட்டும்தான் இருக்கிறதா? ஜிடிஎக்ஸ் 1050 போன்ற கார்டுகளில் அனலாக் சிக்னலே கிடையாது. சும்மா பின் மாற்றும் அடாப்டர் உதவாது, சிப் உள்ள கன்வர்ட்டர் வேண்டும்.

லோகோ வந்து, புள்ளிகள் சுற்றி, நீலத்திரையோ ரீஸ்டார்ட்டோ ஆனால் முதல் சந்தேகம் டிரைவர்மேல், அதாவது கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்மேல். பழைய கார்டின் டிரைவர் உள்ளேயே கிடக்கும். விண்டோஸ் 10-இல் எஃப்8 வழக்கமாக வேலை செய்யாது. பூட் ஆகும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று முறை அணைத்தால் ரிப்பேர் திரை வரும். அதன் வழியே சேஃப் மோடுக்கு, அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலைக்குப் போகலாம். அங்கே டிடியூ என்ற இலவச மென்பொருளால் பழையதைத் துடைத்துவிட்டு, சரியான டிரைவரைப் போடுங்கள். அதுவரை நெட் வேண்டாம், விண்டோஸ் தானாக வேறொன்றை இறக்கிவிடும்.

சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறதே, அப்போ ஹார்டுவேர் சரி என்று முடிவுகட்டாதீர்கள். அங்கே கார்டுக்குப் பெரிதாக வேலை இல்லை, கரண்டும் அதிகம் இழுக்காது. உண்மையான குற்றவாளி எஸ்எம்பிஎஸ்ஸாக, அதாவது உள்ளே கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டியாக இருக்கலாம். மலிவு எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியில் 450 வாட் என்று பெரிதாக இருக்கும். ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்றிருந்தால், அந்த லைனில் கிடைப்பது 168 வாட்தான். பிராசசரும் கார்டும் அதில்தான் பங்குபோட வேண்டும். ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். சிக்ஸ் பின் பவர் இணைப்பு உள்ள கார்டுக்கு அதன் வழியே மேலும் 75. அதற்கு, ஹார்டு டிஸ்க்குக்குக் கரண்ட் தரும் ஒற்றை சாட்டா வயரிலிருந்து கன்வர்ட்டர் போடுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. சாட்டா பின் தாங்குவது 54 வாட், மேலே போனால் உருகும்.

எல்லாம் சரி, டிரைவர் போட்டதுமே நின்றுபோகிறது என்றால் கார்டையே சந்தேகியுங்கள். 2010-இல் வந்த ஜிடிஎஸ் 450 கார்டின் பயாஸை மாற்றி, புதிய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பது பழைய தில்லுமுல்லு. ஜிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் இப்படிப்பட்ட கார்டின் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே காட்டும். பணம் கொடுக்குமுன் கடையிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

எதுவும் பலிக்காவிட்டால் கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டிலேயே டிஸ்ப்ளே இருந்தால் வயரை அதில் செருகுங்கள். பெரும்பாலும் பூட் ஆகிவிடும். முதல் வேலையாகப் போட்டோக்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள், ஃபார்மட் பேச்சு அதற்கு அப்புறம்.