ஃபிக்சேஷன்: பதப்படுத்தல் அல்ல, நிலைநிறுத்தல்

திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பும் படிவங்களில், ஃபிக்சேஷனைத் தமிழாக்கி 'அறுத்தெடுத்த திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தவும்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஃபிக்சேஷன் லத்தீன் வழிச் சொல். அசையாமல் பொருத்துவது என்று பொருள். பதம் எங்கிருந்து வந்தது?

பதம் என்பது பயன்பாட்டுக்கு ஏற்ற பக்குவம். கலயத்தில் சுண்ணாம்பு தடவிப் பதநீர் இறக்கும் நம் தேரிக்காட்டில் இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே புளிக்காமல் இருந்தால் போதும். திசுவை நுண்ணோக்கியில் பார்த்து நோயறியும் நோய்க்குறியியலுக்கு அழுகாமல் இருந்தால் மட்டும் போதாது. ரத்த ஓட்டம் அறுந்ததுமே செல்லின் நொதிகள் செல்லையே கரைக்கத் தொடங்கும். ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு புரதங்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் போட்டு எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே நிறுத்துகிறது.

'பதப்படுத்து' என்று படிப்பவர், கெடாமல் வைத்தால் சரி என்றே எடுத்துக்கொள்வார். அதனால்தான் சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டை ஆய்வகத்துக்கு பஸ்ஸில் வரும் புட்டிகளில் சிலதில் சலைன் இருக்கும், சிலதில் ஸ்பிரிட் இருக்கும். சலைனில் திசு தன்னைத்தானே செரித்துக்கொண்டே வரும். ஸ்பிரிட்டில் அழுகாதுதான், சுருங்கி விறைத்துவிடும். (கருப்பை வாய்ச் செல்களைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் பாப் ஸ்மியருக்கு 95 சதவீத எத்தனால் சரி, கட்டிக்கு அல்ல.) வேண்டியது 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலின்: கடை ஃபார்மலின் 1 பங்கு, நீர் 9 பங்கு, அதோடு அமிலம் ஏறாமல் காக்கும் பஃபராகப் பாஸ்பேட் உப்புகள். பஃபர் இல்லாவிட்டால் ஃபார்மிக் அமிலம் சேர்ந்து, ரத்தம் மிகுந்த இடங்களில் பழுப்புத் துகள் படியும். மலேரியா நிறமியோ என்று மயங்க வைக்கும். திசுவின் பருமனைப்போல் குறைந்தது 10 மடங்கு திரவம் வேண்டும். அது ஊடுருவுவதோ மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். முழு மார்பகத்தைக் கீறாமல் புட்டியில் திணித்தால் வெளியே விறைத்து, உள்ளே குழைந்திருக்கும்.

தோல் பதனிடுவதிலும் பிணைப்புதானே என்பார்கள் சொல்லாக்கக்காரர்கள். வேதியியல் நெருக்கம் உண்டு. தோலில் செல் எப்படி இருந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பெரிய குழப்பம் வேறு. அடுத்து, மெல்லிய சீவலாக வெட்டுவதற்காக ஆல்கஹால், சைலீன், மெழுகு என்று திசு கடக்கும் பிராசஸிங்கையும் 'பதப்படுத்தல்' என்றே மொழிபெயர்க்கிறார்கள். 'பதப்படுத்தலில் கோளாறு' என்று அறிக்கை வந்தால் டெக்னீஷியன் எதைப் போய்ப் பார்ப்பார்? ஃபார்மலின் வாளியையா, மெழுகுத் தொட்டியையா? அகராதியில் முதலில் அகப்பட்டதை ஒட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

நைட்ரஜன் நிலைநிறுத்தம் பள்ளியிலேயே படித்த சொல். அதுவே இங்கும் பொருந்தும். 'நிலைப்படுத்தல்' நோயாளியின் ரத்த அழுத்தத்துக்குப் போகட்டும். படிவத்தில் இப்படி இருந்தால் போதும்: 'பஃபர் ஃபார்மலினில் நிலைநிறுத்தவும். ஹார்மோன் ஏற்பிச் சோதனை என்றால் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல். அறுத்த நேரம், ஃபார்மலினில் இட்ட நேரம் இரண்டையும் எழுதவும்.'