கோராமைக் கழிவு: நோ கிளெய்ம் போனஸைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கப் போனால் முதலில் வரும் கேள்வி, "என்.சி.பி. எத்தனை பர்சென்ட் சார்?" என்.சி.பி. என்றால் நோ கிளெய்ம் போனஸ். இந்தியாவில் இந்தப் பெயர்தான் நிலைத்துவிட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதையே என்.சி.டி., அதாவது நோ கிளெய்ம் டிஸ்கவுண்ட் என்கிறார்கள். பிரிட்டனில் இரண்டு பெயரும் புழங்குகின்றன. பொருள் ஒன்றுதான். போன காப்பீட்டு ஆண்டில் இழப்பீடு கேட்டு நிறுவனத்திடம் போகாதவருக்கு அடுத்த ஆண்டுப் பிரீமியத்தில் ஒரு பங்கைக் குறைப்பார்கள்.

பெயர் இரண்டில் ஒன்று ஆளைக் குழப்பும். போனஸ் என்றதும் சம்பளத்துக்கு மேல் கையில் வரும் பணம்தான் நமக்கு நினைவு வரும். "அஞ்சு வருசமா கிளெய்மே பண்ணல, அந்த போனஸ் எப்ப அக்கவுண்ட்ல ஏறும்?" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். ஏறாது. கட்ட வேண்டிய தொகை குறையும், அவ்வளவுதான். லத்தீனில் போனஸ் என்றால் 'நல்ல' என்று மட்டுமே பொருள். பணம் என்ற பொருள் பின்னால் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டது. பிரான்சில் இதன் எதிர்ச்சொல்லையும் சேர்த்து 'போனஸ்-மாலஸ்' என்கிறார்கள்; மாலஸ் என்றால் 'கெட்ட'. அங்கே ஒவ்வொரு நல்ல ஆண்டுக்கும் பிரீமியக் கெழுவை, அதாவது அடிப்படைப் பிரீமியத்தைப் பெருக்கும் எண்ணை, 0.95 ஆல் பெருக்குகிறார்கள், தன் பிழையால் நேர்ந்த ஒவ்வொரு விபத்துக்கும் 1.25 ஆல் பெருக்குகிறார்கள். கெழு 0.50க்குக் கீழே இறங்காது, 3.50க்கு மேலே ஏறாது. அதாவது சலுகையும் தண்டனையும் ஒரே ஏணியில் இருக்கின்றன. நம் என்.சி.பி.யில் ஏணியின் மேல்பாதி மட்டும்தான் உண்டு.

டிஸ்கவுண்ட் அவ்வளவு பசப்பாத சொல். 'டிஸ்' என்றால் விலக்கு, 'கம்ப்யூட்டாரே' என்றால் எண்ணு. எண்ணிய கணக்கிலிருந்து எடுத்துவிடுவது டிஸ்கவுண்ட். நம் மேசைக் கம்ப்யூட்டருக்கும் இதே வேர்தான்.

இந்தத் தொடரில் முக்கியமான சொல் கிளெய்ம். இதன் வேர் லத்தீன் 'கிளாமாரே': கூவு, கூச்சலிடு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, 'எனக்கு வர வேண்டியது இது' என்று உரக்கச் சொல்வதைக் குறித்தது. ஆக, நோ கிளெய்ம் என்றால் 'கூப்பாடு போடவில்லை'. விபத்து நடக்கவில்லை என்றோ, ஓட்டியவர் மேல் தப்பில்லை என்றோ அதற்குப் பொருள் இல்லை. கேட்டாரா, கேட்கவில்லையா என்பது மட்டும்தான் கணக்கு.

இது புரியாமல்தான் பலர் சண்டைக்குப் போகிறார்கள். ஓரமாக நிறுத்தியிருந்த காரின் கதவை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள். உங்கள் மேல் துளியும் தப்பில்லை. ஆனால் உங்கள் காப்பீட்டில் பணம் வாங்கிக் கதவை மாற்றினால் இந்தியாவில் அடுத்த ஆண்டு என்.சி.பி. பூஜ்யம். கார் திருடுபோய் இழப்பீடு வாங்கினாலும் அப்படியே. இன்னொருவர் தன் கவனக்குறைவால் சுவரில் முட்டி, கைக்காசைப் போட்டுச் சரிசெய்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அவருடைய என்.சி.பி. அப்படியே இருக்கும், ஒரு படி ஏறவும் செய்யும். நல்ல ஓட்டுநருக்குப் பரிசு என்று இதை விளம்பரப்படுத்தும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். இது பேசாமல் இருந்தவருக்கான பரிசு.

சில நாடுகள் இந்த விறைப்பைத் தளர்த்தியிருக்கின்றன. சிங்கப்பூரில் விபத்தில் உங்கள் பொறுப்பு 20 விழுக்காட்டுக்கு மேல் இல்லையென்றால் என்.சி.டி.யில் கைவைப்பதில்லை. மலேசியாவில் தப்பு எதிர்த்தரப்பின் மீது இருந்து, 'நாக் ஃபார் நாக்' முறையில் உங்கள் நிறுவனத்திடமே இழப்பீடு வாங்கினால் என்.சி.டி. போகாது. ஜெர்மானியர்கள் பெயரிலேயே வேறு வழியில் போய்விட்டார்கள். அவர்கள் சொல் 'ஷாடன்ஃப்ரைஹைட்ஸ்ரபாட்'. பல்லைப் பெயர்க்கும் நீளம்தான், ஆனால் பிரித்தால் எளிது: ஷாடன் சேதம், ஃப்ரைஹைட் இன்மை, ரபாட் கழிவு. சேதமின்மைக் கழிவு. ஆங்கிலம் கோரிக்கையைப் பார்த்துப் பெயர் வைத்தது, ஜெர்மன் சேதத்தைப் பார்த்து வைத்தது.

இனி தமிழுக்கு வருவோம். 'நோ' என்ற சொல் எதோடு ஒட்டுகிறது என்பதில்தான் முதல் வழுக்கல். 'உரிமைகோரல் போனஸ் இல்லை' என்று எழுதினால் உங்களுக்கு போனஸே கிடையாது என்று ஆகிவிடும். 'உரிமைகோரல் இல்லை போனஸ்' என்பது தமிழே இல்லை. மலாய்க்காரர்கள் 'டிஸ்கவுன் தன்பா துந்துத்தான்' என்று அழகாகத் தப்பித்துவிட்டார்கள். 'தன்பா' என்றால் இல்லாமல், 'துந்துத்தான்' என்றால் கோரிக்கை. நமக்கு அந்தச் சுற்றும் தேவையில்லை. எதிர்மறையைத் தொழிற்பெயருக்குள்ளேயே வைக்கும் வசதி தமிழில் உண்டு. கொல்லாமை, கள்ளாமை, பொய்யாமை வரிசையில் கோராமை. இரண்டு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் போதும்.

டிஸ்கவுண்டுக்கு எதைப் போடுவது? கடைப் பழக்கத்தில் உடனே வாயில் வருவது தள்ளுபடி. இங்கே அதைப் போட்டால் வம்பு. மனு தள்ளுபடி என்றால் மனுவை ஏற்கவில்லை, கடன் தள்ளுபடி என்றால் கடன் நீங்கியது, துணித் தள்ளுபடி என்றால் விலைக்குறைப்பு. 'கோரிக்கைத் தள்ளுபடி' என்று ஒரு காப்பீட்டுக் கடிதத்தில் அச்சிட்டு அனுப்பிப் பாருங்கள். இழப்பீடு கேட்டதை நிராகரித்துவிட்டார்கள் என்றுதான் பாதிப் பேர் படிப்பார்கள். 'கோரிக்கையின்மைத் தள்ளுபடி' என்று நீட்டினாலும் அந்த நிழல் விலகுவதில்லை.

சலுகை என்று போடலாம். 'கோராமைச் சலுகை' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சலுகை என்பது கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைப்பது. இதுவோ விதிப்படி வர வேண்டிய தொகை. இலங்கைத் தமிழ்க் கணக்கியலில் டிஸ்கவுண்டுக்குக் கழிவு என்பதே வழக்கு: கொடுத்த கழிவு, பெற்ற கழிவு. எண்ணிய கணக்கிலிருந்து எடுத்துவிடுவது என்ற மூலப்பொருளுக்கு இதைவிட நெருக்கமான சொல் இல்லை. தமிழ்நாட்டில் கழிவு என்றால் சாக்கடைதான் நினைவு வரும் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கழித்தல் கணக்கு போட்டவர்கள் அதற்காக மூக்கைப் பொத்திக்கொள்ளவில்லையே. என் வாக்கு 'கோராமைக் கழிவு'க்கு. காப்பீடு என்று எழுதும் தமிழ்நாட்டிலும், காப்புறுதி என்று எழுதும் இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலும் ஒருபோலப் பொருந்தும். பேச்சில் என்.சி.பி.யே இருக்கட்டும். பத்திரத்தை விளக்கி எழுதும்போது இந்தச் சொல் கைகொடுக்கும்.

கழிவு எவ்வளவு? இந்தியாவில் கிளெய்ம் இல்லாத ஓர் ஆண்டுக்கு 20 விழுக்காடு, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 35, நான்குக்கு 45, ஐந்துக்கு 50. அதற்கு மேல் ஏறாது. ஒரு கிளெய்ம் போட்டால் எந்தப் படியில் நின்றாலும் தரைக்கு வந்துவிடுவீர்கள். மலேசியாவில் தனியார் கார்களுக்கு 25, 30, 38.33, 45, 55 என்று போகும். அங்கேயும் விழுந்தால் பூஜ்யம்தான். சிங்கப்பூரில் பத்துப் பத்தாக ஏறி 50 வரை. அங்கே விழுவதில் கொஞ்சம் இரக்கம் உண்டு: 50இல் இருந்தவர் ஒரு கிளெய்முக்கு 20க்கு இறங்குவார், 40இல் இருந்தவர் 10க்கு, 30உம் அதற்குக் கீழும் பூஜ்யத்துக்கு. பிரிட்டனில் பெரும்பாலும் விழுக்காட்டைவிட 'எத்தனை ஆண்டு' என்பதையே கேட்பார்கள்.

இந்தியப் பத்திரத்தில் இதை எங்கே பார்ப்பது? பாலிசி ஷெட்யூல் என்ற பக்கத்தில் பிரீமியக் கணக்கு இரண்டு பத்தியாக இருக்கும். ஒன்று ஓன் டேமேஜ், அதாவது நம் வண்டியின் சேதத்துக்கானது. மற்றொன்று லயபிலிட்டி, மூன்றாம் நபருக்கானது. ஓன் டேமேஜ் பத்தியில் கீழே இறங்கினால் 'லெஸ்: நோ கிளெய்ம் போனஸ்' என்று ஒரு வரி, பக்கத்தில் விழுக்காடும் தொகையும் இருக்கும். கழிவு இந்தப் பத்திக்கு மட்டும்தான். லயபிலிட்டி பத்தியில் ஒரு பைசா குறையாது. மொத்தப் பிரீமியத்தில் பாதி குறையவில்லையே என்று முகவரைத் திட்டுவதற்கு முன் இந்த இரண்டு பத்தியையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு தடுக்கல். ஷெட்யூலில் 35 என்று அச்சாகியிருந்தால் அது இந்த ஆண்டு ஏற்கனவே கழித்துவிட்ட விழுக்காடு. இந்த ஆண்டும் கிளெய்ம் இல்லாமல் முடிந்தால் புதுப்பிக்கும்போது 45 வர வேண்டும். பழைய பத்திரத்தைப் பார்த்து 35ஐயே புதிய படிவத்தில் நிரப்புகிறவர்கள் ஒரு படியைத் தாமே விட்டுக்கொடுக்கிறார்கள்.

சின்னச் சேதத்துக்குக் கிளெய்ம் போடலாமா என்பதற்கும் கணக்கு உண்டு. ஓன் டேமேஜ் பிரீமியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய், நீங்கள் 50 விழுக்காட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போட்டால் அடுத்தடுத்த ஐந்து புதுப்பிப்புகளில் உங்கள் கழிவு 0, 20, 25, 35, 45. போடாமல் இருந்தால் ஐந்திலும் 50. வித்தியாசத்தைக் கூட்டினால் 5,000, 3,000, 2,500, 1,500, 500. மொத்தம் 12,500 ரூபாய். வண்டிக்கு வயதாக ஆக அடிப்படைப் பிரீமியமும் இறங்கும் என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் குறையலாம். எப்படியும் 8,000 ரூபாய் பம்பர் வேலைக்குக் கிளெய்ம் போடுவது நட்டம். பெரிய அடி என்றால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். காப்பீடு எடுத்ததே அதற்குத்தான். என்.சி.பி.யைக் காப்பதற்கென்றே தனி ஆட்-ஆனும், அதாவது பாலிசியோடு சேர்த்து வாங்கும் கூடுதல் காப்பும், விற்கிறார்கள். அது எத்தனை கிளெய்ம் வரை தாங்கும் என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

நிறுவனம் மாறும்போது படிவத்தில் 'கடந்த ஆண்டு கிளெய்ம் உண்டா?' என்று ஒரு கட்டம் வரும். அதில் பொய் சொன்னால் பிரீமியம் உடனே குறையும், பொய் பின்னால் வெளிப்படும். புது நிறுவனம் பழைய நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளும். அறிவிப்பு தப்பு என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பிரிவின் பலன்கள் மொத்தமும் பறிபோகும். உங்கள் நிலை உங்களுக்கே தெரியவில்லை என்றால் பழைய நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மலேசியாவில் இருப்பவர்கள் மைகார்இன்ஃபோ தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்தியாவில் காலக்கெடுவும் உண்டு. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்த படியெல்லாம் கரைந்துவிடும்.

கடைசியாக, இந்தக் கழிவு யாருடையது? என் மைத்துனர் பழைய கார் ஒன்று வாங்கினார். விற்றுக்கொடுத்த புரோக்கர், "ஐம்பது பர்சென்ட் என்.சி.பி.யும் வண்டியோடவே வருது சார்" என்று விலையில் கொஞ்சம் ஏற்றிவிட்டார். பாலிசியைப் பெயர்மாற்றப் போனபோது மீதிக் காலத்துக்கான என்.சி.பி. தொகையைக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். "என்னத்தான் இது, குடுத்ததத் திருப்பிக் கேக்குறாங்க?" என்று போன் செய்தார். அவருக்கு யாரும் எதையும் கொடுக்கவில்லை. கோராமல் இருந்தவர் பழைய உரிமையாளர், ஆகவே கழிவும் அவருடையதே. வண்டியை விற்றதும் அவர் தன் நிறுவனத்திடம் என்.சி.பி. ரிட்டென்ஷன் லெட்டர், அதாவது கழிவைத் தக்கவைக்கும் கடிதம், வாங்கிக்கொண்டு, மூன்று ஆண்டுக்குள் வாங்கும் அடுத்த காருக்கு அந்த 50ஐப் பயன்படுத்தலாம். உரிமையாளர் இறந்து, வண்டி கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர் இவர்களில் ஒருவர் கைக்குப் போனால் மட்டும் கழிவும் கூடவே போகும். மைத்துனர் அந்தத் தொகையைக் கட்டிவிட்டு வந்தார். புரோக்கர் அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.